மறுமுனையில் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கேள்வி: நாங்குநேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் அப்பாவுக்கு வயது 67. வாய்ப்புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கரண்ட் வைத்தலும் (கதிர்வீச்சு சிகிச்சை) முடிந்த பிறகு, கழுத்தில் மறுபடியும் கட்டி வந்து புண்ணாகிவிட்டது. பேச்சு சரியாக வராது. மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. இனி நோயைக் குணமாக்கும் சிகிச்சை இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மார்ஃபின் மாத்திரை தந்திருக்கிறார்கள். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் தம்பி ஒரு செயலியை இறக்கித் தந்து, சென்னை மருத்துவர் ஒருவரிடம் வாரந்தோறும் வீடியோவில் பேச ஏற்பாடு செய்திருக்கிறான். காலையும் மாலையும் வலி பத்துக்கு எத்தனை என்று செயலியில் பதிய வேண்டும். கையில் கட்டும் டிஜிட்டல் கடிகாரமும் அனுப்பியிருக்கிறான். இரவில் அது சத்தம் போடும்போதெல்லாம் எழுந்து பார்க்கிறேன். புண்ணின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறான். வீடியோ வந்தாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இனி பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு அலைய வேண்டாம், எல்லாம் போனிலேயே முடியும் என்கிறான் தம்பி. சரிதானா? இவற்றை விட்டுவிட்டால் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதவள் ஆவேனா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆக மாட்டீர்கள். வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து, குழாய் வழியே கஞ்சி ஊற்றி, புண்ணுக்குக் கட்டு மாற்றி, இரவில் எழுந்து பார்க்கும் ஒருவர், செயலியில் ஓர் எண்ணைப் பதிய மறந்ததால் கடமை தவறியவர் ஆகிவிடுவதில்லை. உங்கள் தம்பியையும் நான் குறை சொல்ல மாட்டேன். கடல் தாண்டி இருப்பவரால் அனுப்ப முடிந்தவை இவைதாம். ஆயினும் அவர் அனுப்பிய ஒவ்வொன்றையும் இப்படிக் கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன்: இதில் நாம் ஒன்றைச் சொன்னால் மறுமுனையில் அதைப் பார்ப்பவர் யார், எவ்வளவு நேரத்தில் பார்ப்பார், பார்த்தபின் அப்பாவின் மருந்தை மாற்றவோ வீட்டுக்கு ஒருவரை அனுப்பவோ அவரால் முடியுமா? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உள்ள கருவி எவ்வளவு எளியதாக இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாததை, அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்பது வீண் வேலை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், நோய் உடலில் பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. வலி, குமட்டல், மூச்சுத்திணறல் போன்ற 12 தொந்தரவுகளை இணையவழியில் தாங்களே பதிந்துவந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதங்களாகவும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதங்களாகவும் இருந்தது. மருந்து ஒன்று இவ்வளவு பலன் தந்திருந்தால் பெரிய செய்தியாகியிருக்கும். ஆனால் அந்த ஆய்வில் பலன் தந்தது எண்ணைப் பதிந்த செயல் மட்டும் அன்று. தொந்தரவு கடுமையானாலோ திடீரென்று கூடினாலோ செவிலியருக்கு மின்னஞ்சல் போயிற்று. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செவிலியர்கள் ஏதேனும் ஒன்றைச் செய்தார்கள். உங்கள் செயலியில் நீங்கள் பதியும் எட்டும் ஒன்பதும் யாரிடம் போய்ச் சேர்கின்றன என்று தம்பியிடம் கேளுங்கள். ஒருவரிடமும் போகவில்லையென்றால், அந்த எண்ணுக்காக அப்பாவை ஒரு நாளில் இருமுறை தொந்தரவு செய்யத் தேவையில்லை.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கும் காரணம் இருக்கலாம். நெதர்லாந்தில், வீட்டில் இருந்தபடி கவனிக்கப்பட்ட முற்றிய புற்றுநோயாளிகள் 74 பேரிடம் நடந்த ஆய்வும் அதே 2017இல் வெளியாயிற்று. வாரம் ஒருமுறை காணொளியில் வல்லுநர் குழு பேசிவந்தவர்களுக்கு, 12 வாரங்களின் முடிவில் மொத்தத் துன்பத்தின் அளவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. நோயாளி வேண்டும்போது பேசாமல் அட்டவணைப்படி அழைத்து, ஒவ்வொரு முறையும் தொந்தரவுகளையே கேட்டுக்கொண்டிருந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். சிறிய ஆய்வுதான்; ஆனாலும் கட்டிலருகே இருப்பவர்கள் இதை எளிதில் நம்புவார்கள். வலி கொஞ்சம் அடங்கி, வாசலில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரிடம் ‘இப்போது வலி எத்தனை’ என்று கேட்டால், மறந்திருந்த வலியை அவர் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே செயலியை விட்டு ஒரு நாற்பது பக்க நோட்டுக்கு வாருங்கள். நாள், மாத்திரை கொடுத்த நேரம், இடையில் வலி வந்து கூடுதலாகக் கொடுத்த வேளை, இரவில் தூங்கினாரா, மலம் போயிற்றா, இவ்வளவு போதும். வலியை அப்பாவிடம் எண்ணாகக் கேட்க வேண்டாம். பேச்சு வராதவருக்கு விரல் காட்டுவது எளிது. ஒரு விரல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், மூன்று விரல் என்றால் மாத்திரை வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, மார்ஃபின் எழுதித்தரும் மருத்துவரின் பிரிவுக்கு அனுப்பினால், அதைப் பார்த்த அன்றே அளவைக் கூட்டவோ குறைக்கவோ அவர்களால் சொல்ல முடியும். எங்கள் வலி நிவாரணப் பிரிவில் மிகுந்த பயன் தருவது இத்தகைய ஒரு பக்கப் படம்தான்.

இனிக் காணொளி மருத்துவம். அதன்மீது எனக்கு நம்பிக்கை உண்டு. அமெரிக்காவில் 22 புற்றுநோய் மையங்களில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 1,250 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வு, காணொளி வழியே தரப்பட்ட வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் நேரில் தரப்பட்டதும் நோயாளியின் வாழ்க்கைத் தரத்தில் சமமான பலனையே தந்தன என்று காட்டிற்று. நாங்குநேரியிலிருந்து கழுத்துப் புண்ணோடு ஒருவரைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்து, வரிசையில் காத்திருந்து, ஐந்து நிமிடம் பார்த்துத் திரும்பக் கொண்டுபோவதற்கு, அவர் கட்டிலிலேயே இருந்து மருத்துவரைப் பார்ப்பது மிக மேலானது. திருவனந்தபுரத்தில் உள்ள ஆர்.சி.சி. என்னும் மண்டலப் புற்றுநோய் மையத்தில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய நம் பக்கத்து நோயாளிகளுக்கு அந்த நெடும்பயணம் ஒன்று குறைந்தாலே எவ்வளவு ஆறுதல் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அமெரிக்க ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நேரில் நடந்த சந்திப்புகளில் ஏறக்குறையப் பாதியில் வீட்டார் ஒருவர் உடனிருந்தார்; காணொளியில் அது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. பராமரிப்பவரின் முகத்தை மருத்துவர் பார்க்காமல் போகும் ஆபத்து காணொளியில் அதிகம். எனவே அடுத்த அழைப்பின்போது கைப்பேசியை அப்பா முகத்துக்கு நேரே நீட்டாமல், முதலில் முற்றத்துக்கு வந்து நீங்கள் பேசுங்கள். எத்தனை இரவு தூங்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து, வலி தணிந்திருக்கும் வேளையில், அப்பா சம்மதித்தால் மட்டும் சில நிமிடம் அவரைக் காட்டுங்கள். அவர் பேச வேண்டியதில்லை. மருத்துவர் கேட்பதற்குத் தலையசைத்தால் போதும். வாரந்தோறும் கட்டாயமாக அழைப்பதை நிறுத்தி, தேவைப்படும்போது அழைக்கும் முறைக்கு மாற்ற முடியுமா என்றும் அந்த மருத்துவரிடம் கேளுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து தரும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் அடங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்தீர்களா என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். செவிலியர் வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்திருக்கும் நேரத்தில், அவர் கைப்பேசியிலிருந்தே மருத்துவரை அழைப்பதுதான் என் கருத்தில் காணொளியின் ஆகச் சிறந்த பயன். தொட்டுப் பார்க்க ஒருவர் அங்கே இருக்கிறார், முடிவெடுக்க ஒருவர் இங்கே இருக்கிறார். அரசின் இ-சஞ்சீவனி சேவையும், சுகாதார நிலையத்தில் இருப்பவர் தொலைவில் உள்ள மருத்துவரோடு பேசும் இந்த ஏற்பாட்டைக் கொண்டதுதான். திருவனந்தபுரத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா போன்ற அமைப்புகள் காணொளி வகுப்புகளின் மூலம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வலி நிவாரணத்தில் பயிற்சி தருகின்றன. நோயாளிகளின் கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனென்றால் மார்ஃபின் எழுதப் பழகிய மருத்துவர் அருகில் இருந்தால் எந்தச் செயலியும் இல்லாமலேயே வலி அடங்கும்.

பாளையங்கோட்டைக்கு இனிப் போகவே வேண்டாம் என்பது மட்டும் நடக்காது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் அடங்கும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித்தர மருத்துவர்களைத் தடுக்கின்றன. மார்ஃபின் அதில் அடங்கும். அந்தச் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபினை வைத்துக்கொள்வது எளிதாயிற்று என்றாலும், கையில் வாங்குவதற்கு யாரேனும் ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும். அந்த ஒருவர் அப்பாவாக இருக்க வேண்டியதில்லை. வீட்டார் ஒருவர் நோட்டையும் பழைய சீட்டையும் மீதமுள்ள மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு வந்தால் மருந்து தருவது பல இடங்களில் நடைமுறை. உங்கள் மருத்துவமனையில் எப்படி என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கடைசி இரண்டு நாள் மாத்திரை மீதம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். பஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் மாத்திரை தீர்ந்துபோவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கக்கூடிய மிகக் கொடிய தவறு. இணையத்தில் மார்ஃபின் வரவழைத்துத் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

மார்ஃபினைப் பற்றி இன்னும் இரண்டு விஷயங்கள். குழாய் வழியே கொடுப்பதால், உங்களிடம் இருப்பது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சாதாரண மாத்திரையா, மெதுவாகக் கரையும் மாத்திரையா என்று மருந்தகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சாதாரண மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊற்றலாம். மெதுவாகக் கரைவதை ஒருபோதும் பொடிக்கக் கூடாது, ஏனென்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும். வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அது போதைப் பழக்கமாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். ஆனால் திடீரென்று நிறுத்தாதீர்கள். கூடவே தந்திருக்கும் மலமிளக்கியை ஒருநாளும் விடாதீர்கள். எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், மிக மெதுவான மூச்சு, கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தல், ஆள் அடையாளம் தெரியாமல் பேசுதல் ஆகியவை வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரை அழையுங்கள். கைப்பேசி இதில் உண்மையாக உதவும் இடம் அதன் அலாரம்: வேளைக்கு ஒன்று வைத்துவிடுங்கள். நடுஇரவு வேளைக்கு எழுந்திருக்காமல் இருக்க, படுக்கும்போது கொடுக்கும் அளவை மருத்துவர் கூட்டித் தருவது வழக்கம். உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்.

கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். நாடித்துடிப்பையும் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனையும் அது அளக்கலாம், வலியை அளக்காது. நோய் முற்றும் நாட்களில் அந்த எண்கள் மாறத்தான் செய்யும். அந்த மாற்றத்தைக் கண்டு எழுந்து ஓடும் உங்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, தூக்கம் மட்டும் போய்விடும். மூச்சு வாங்குகிறது என்று அப்பா காட்டினால் தலைமாட்டை உயர்த்தி, முகத்தில் காற்றுப் படும்படி சிறிய விசிறியை வைத்து, மருத்துவரை அழையுங்கள். அவர் காட்டவில்லையென்றால் கடிகாரம் என்ன சொன்னாலும் அவரைத் தூங்க விடுங்கள். நீங்களும் தூங்குங்கள்.

புண்ணின் படத்தைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். செவிலியருக்கோ மருத்துவருக்கோ அனுப்பும் படம் சிகிச்சையின் பகுதி. பகல் வெளிச்சத்தில், கட்டை நனைத்துப் பிரித்த பிறகு, அளவு தெரிய அருகில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்து, முகம் விழாமல் எடுங்கள். வாடை அதிகமாகியிருக்கிறதா, ஈ மொய்க்கிறதா, இரத்தம் கசிகிறதா என்று இரண்டு வரி எழுதினால் மருத்துவருக்கு அது போதும். வாடைக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்வார்கள். புழு வைத்திருந்தால் அதை எடுக்கச் செவிலியரை அனுப்புவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்களுக்கு இது அன்றாடம் வருவது. குடும்பக் குழுவில் போடுவது வேறு. மாமாவும் மதினியும் சம்பந்தி வீட்டாரும் பார்க்கும் இடத்தில் தன் கழுத்துப் புண் போவதை அப்பா விரும்புகிறாரா என்று அவரிடம் கேட்டீர்களா? அவர் தலையசைக்காதவரை அந்தப் படம் குழுவுக்குப் போகக் கூடாது. போனவற்றை நீக்கச் சொல்லுங்கள்.

தம்பிக்கு நான் சொல்ல விரும்புவதையும் இங்கேயே எழுதுகிறேன். இந்தப் பதிலை அவருக்கு அனுப்பி வையுங்கள். சென்னை மருத்துவரின் பதிவு எண் மருந்துச் சீட்டில் இருக்கிறதா என்று அவர் சரிபார்க்கட்டும். தொலைமருத்துவ நெறிமுறைகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்த மருத்துவருக்கும் பாளையங்கோட்டை மருத்துவருக்கும் ஒரே மருந்துப் பட்டியல் போய்ச் சேர வேண்டும். இருவர் தனித்தனியே எழுதினால் ஒரே குணமுள்ள மருந்தே இரண்டு பெயரில் வந்துவிடும். மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சுருக்கம், பயாப்சி முடிவு, ஸ்கேன், இப்போதைய மருந்துகள் ஆகியவற்றைத் தெளிவாகப் படமெடுத்து ஒரே இடத்தில் அவரே ஒழுங்குபடுத்தி வைக்கலாம். அப்பாவுக்கு 14 இலக்க ஆபா எண் (மருத்துவப் பதிவுகளை இணைக்கும் அரசின் அடையாள எண்) பெற்று அதில் இணைப்பதும் அவர் செய்யக்கூடியதே. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் அப்பாவின் மருந்தளவைக் கேட்டு அதன்படி மாற்றச் சொல்ல வேண்டாம். இத்தகைய தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை கூறுவதையும் மருந்து எழுதுவதையும் 2020 நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன, அந்தத் தடை சரியானது என்பதே என் எண்ணம். இவற்றுக்கெல்லாம் மேலாக, அவர் மாலையில் அழைத்து நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், குளத்துக்குத் தண்ணீர் வந்ததா, வாழை தார் போட்டதா, கோயில் கொடைக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்று பேசட்டும். படம் வேண்டாம், குரல் மட்டும் போதும். கைப்பேசியை அப்பாவின் காதருகே வைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். அந்த அழைப்புக்கு அவர் முகத்தைத் திருப்புகிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.

போனில் பேசிக்கொண்டிருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. மூச்சுவிடும்போது விசில் போன்ற சத்தம் வருதல், வலிப்பு, கால்கள் திடீரென்று வலுவிழத்தல், நீண்ட நேரம் சிறுநீர் போகாதிருத்தல் ஆகியவற்றுக்கு நேரில் ஒருவர் பார்க்க வேண்டும், 108ஐ அழையுங்கள். கழுத்துப் புண்ணில் பெரிய இரத்தக்கசிவு வரும் வாய்ப்பும் இருக்கிறது. எல்லோருக்கும் வருவதில்லை. ஆயினும் அடர்ந்த நிறமுள்ள பெரிய துண்டுகள் இரண்டைக் கட்டிலருகே வைத்திருங்கள். வந்தால் துண்டை மடித்து அழுத்திப் பிடித்து, பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் மருத்துவமனைக்கு ஓடுவதா, வீட்டிலேயே இருப்பதா என்பதை உங்கள் மருத்துவரிடமும், முடிந்தால் அப்பாவிடமும், முன்பே பேசி முடிவு செய்து வைப்பது நல்லது. இதைக் காணொளியில் பேச வேண்டாம். நேரில் உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு இது.

உங்களைப் பற்றி நீங்கள் எழுதியது தூக்கமில்லை என்ற ஒரு வரிதான். மனம் தாங்காதபோது டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவிச் சேவையோடு 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். சாதாரண பட்டன் போனே போதும். ஆனால் அதற்கும் முன்பாக, வாரத்தில் ஒரு பகல் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சித்தியோ அத்தையோ யாரேனும் வர முடியுமா என்று கேளுங்கள். மாத்திரை வாங்கக் கிளம்பும் நாளையே அந்த நாளாக வைத்துக்கொள்ளலாம். போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள்; இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அழைத்தால் எடுக்கும் எண் எது, அதை எடுப்பவர் யார் என்று பிரிவில் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.